பார்டர் டெரியர்: வளைக்குள் இறங்கும் நாயை வீட்டில் வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில் எங்கள் வீடு. எங்களிடம் ஒரு பார்டர் டெரியர் பெட்டை இருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டியின் நிறம் என்பதால் கருப்பட்டி என்று பெயர் வைத்தோம். கூப்பிடுவது பட்டி என்று. ஆட்டுப்பட்டிகள் நிறைந்த இந்த ஊருக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்திவிட்டது. அவளைப் பார்த்து ஆசைப்பட்டு, 'இதேபோல் ஒரு குட்டி வாங்கலாமா' என்று கேட்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே பெருகியிருக்கின்றன. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். வாங்கிய ஓராண்டிலேயே 'சொல் பேச்சு கேட்கவில்லை' என்று கைவிடப்படும் நாய்களை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இது எந்த ஊர் நாய்?

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கும் எல்லைப் பகுதியின் நாய். 'பார்டர்' என்ற பெயரே அந்த எல்லையைக் குறிக்கிறது. சீவியட் குன்றுகளும், கோக்கெட், ரீட் ஆறுகள் ஓடும் பள்ளத்தாக்குகளும் இதன் தாய்மண். முன்பு இதைக் கோக்கெட்டேல் டெரியர், ரீட்ஸ்டேல் டெரியர் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

மரம் குறைந்த, காற்று ஓயாத மேட்டுநிலம் அது. அங்கே பிழைப்பு என்றால் செம்மறி ஆடுதான். ஆடுகள் ஈனும் பருவத்தில் நரி வந்து குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நரியைத் துரத்தப் பெரிய வேட்டை நாய்களின் கூட்டம் இருந்தது. ஆனால் நரி வளைக்குள்ளோ பாறை இடுக்கிலோ புகுந்துவிட்டால் அந்தப் பெரிய நாய்கள் வாசலில் நின்று குரைப்பதோடு சரி. உள்ளே இறங்க ஒரு சிறிய நாய் வேண்டும். அதே சிறிய நாய், காலையிலிருந்து மாலைவரை குதிரைகளுக்குப் பின்னால் மேடு பள்ளமெல்லாம் ஓடிவரவும் வேண்டும். வளைக்குள் நுழைய உடல் ஒடுங்கியிருக்க வேண்டும், குதிரையோடு ஓடக் கால் நீண்டிருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் பார்டர் டெரியர்.

ராப்சன், டாட் ஆகிய இரண்டு பண்ணைக் குடும்பங்கள் இந்த இனத்தைப் பேணியதில் முக்கியமானவை. அவர்கள் சார்ந்திருந்த பார்டர் ஹண்ட் என்ற வேட்டைக் குழுவின் வழியாகத்தான் இப்போதைய பெயரும் நிலைத்தது. 1913இல் 'தி மாஸ் ட்ரூப்பர்' என்ற நாய், நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான இங்கிலாந்தின் கென்னல் கிளப்பில் பதிவானது. 1914இல் தனி இனமாக ஏற்கக் கேட்டபோது கிளப் மறுத்தது. 1920இல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 1930இல் ஏற்பு கிடைத்தது.

குன்றுப் பகுதிக்காரர்கள் பலருக்கு அந்த அங்கீகாரமே பிடிக்கவில்லை. கண்காட்சி மேடை ஏறினால் அழகுக்காக வளர்ப்பார்கள், வேலை செய்யும் நாய் அழிந்துவிடும் என்று அஞ்சினார்கள். வேறு சில டெரியர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் இந்த இனம் பெரிதும் தப்பித்தது என்றே நினைக்கிறேன். இன்றும் இனத்தின் இலக்கண வரையறை 'அடிப்படையில் இது வேலை செய்யும் டெரியர்' என்றுதான் சொல்கிறது.

எவ்வளவு பெரிதாக வளரும்? முகம் ஏன் இப்படி இருக்கிறது?

கடுவன் 5.9 முதல் 7.1 கிலோ வரை, பெட்டை 5.1 முதல் 6.4 கிலோ வரை என்பது வரையறை. வீட்டில் வளரும் நாய்கள் பல இதைவிட ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகவே இருக்கின்றன. முகம் நீர்நாயின் முகத்தைப் போல அகன்று, வாய் குட்டையாக, பற்கள் பெரிதாக இருக்கும். வரையறையிலும் நீர்நாய்த் தலை என்றே எழுதியிருக்கிறது.

பட்டியின் முன்னங்கால்களுக்குப் பின்னால் என் இரண்டு கைகளையும் வைத்து நெஞ்சைச் சுற்றினால் விரல்கள் ஒன்றையொன்று தொடும். கண்காட்சி நடுவர்களும் இதே சோதனையைச் செய்வார்கள். இரு கைகளுக்குள் அடங்கும் நெஞ்சு நரி வளைக்குள்ளும் போகும், திரும்பியும் வரும் என்பது கணக்கு.

பிறகு தோலைப் பாருங்கள். பிடரியில் பிடித்துத் தூக்கினால் கை நிறையத் தோல் வரும். தடித்த, தளர்ந்த தோல். குறுகலான இடத்தில் உடலைத் திருப்பும்போது தோல் வழுக்கிக் கொடுக்கும். எதிரி கடித்தாலும் பல் சதையில் இறங்காமல் தோலோடு நிற்கும். வாலும் அப்படித்தான். அடியில் தடித்து நுனியில் கூம்பிய கேரட் போன்ற வால். பல டெரியர்களுக்கு வாலை வெட்டும் வழக்கம் இருந்தது. இதற்கு வெட்டுவதில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட நாயை இழுத்து வெளியே எடுக்க அந்த வால்தான் பிடி.

வளைக்குள் இறங்கி இது என்னதான் செய்கிறது?

நரியோடு சண்டை போட்டுக் கொல்வதற்காக அனுப்புகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நல்ல டெரியரின் வேலை அதுவல்ல. நரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதன் எதிரே நின்று, விடாமல் குரல் கொடுப்பதுதான் வேலை. தொல்லை தாங்காமல் நரி வேறு வழியாக வெளியே பாயும். பாயாவிட்டால், நாயின் குரல் எங்கிருந்து வருகிறது என்று தரையில் காதை வைத்துக் கேட்டு, மேலிருந்து நேராகத் தோண்டுவார்கள். பிற்காலத்தில் கழுத்துப் பட்டையில் சிறிய ஒலிபரப்பி கட்டி, மேலே கருவியை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை வந்தது.

ஆட்டிடையனின் நாய் அவன் சீட்டியைக் கேட்டு, இடமும் வலமும் அவன் சொல்படி போகும். அது இரண்டு தலைமுறை பழகியது அல்ல, நூற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுத்தது. டெரியரும் அவ்வாறே தேர்ந்தெடுக்கப்பட்டது, ஆனால் எதிர்த் திசையில். வளைக்குள் இருட்டு. எஜமானின் முகம் தெரியாது, குரல் கேட்காது. முன்னே போவதா, நிற்பதா, பின்வாங்குவதா என்பதை அது தானே தீர்மானிக்க வேண்டும். தயங்குகிற நாய் உதவாது. கண்மண் தெரியாமல் பாய்கிற நாய் செத்துப்போகும். தனியாக முடிவெடுக்கும் துணிவும் நிதானமும் உள்ள நாய்தான் திரும்பி வந்து குட்டி போட்டது.

வீட்டில் நீங்கள் பார்க்கப்போகும் குணங்கள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கே இருக்கிறது. கூப்பிட்டால் வராததும், பூனையைத் துரத்துவதும், வலியை வெளிக்காட்டாததும், கூட்டத்தில் பிற நாய்களோடும் மனிதர்களோடும் ஒத்துப்போவதும் அந்த வேலையிலிருந்து வந்தவை. இது அடம்பிடிக்கிற நாய் என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மனிதனால் போக முடியாத இடத்தில் மனிதனுக்காக முடிவெடுக்கப் பழக்கப்பட்ட நாய் இது.

இப்போதும் நரி வேட்டைக்குப் பயன்படுத்துகிறார்களா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நாய்களைக் கொண்டு காட்டு விலங்குகளை வேட்டையாடுவதை அது தடை செய்தது. வேட்டைப் பறவைகளைக் காப்பதற்காக ஒரே ஒரு நாயை வளைக்குள் விடலாம், அதுவும் நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு, பல நிபந்தனைகளுக்கு உட்பட்டு, என்ற சிறிய விலக்கு மட்டும் உண்டு. பாட்ஜர் என்று ஒரு விலங்கு இங்கே இருக்கிறது. வெள்ளை முகத்தில் இரண்டு கறுப்புக் கோடுகளோடு, மண்ணுக்கடியில் குடும்பமாக வாழ்வது. 1992ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி அதன் வளைக்குள் நாயை அனுப்புவது குற்றம்.

என் நாயை நான் நரி வளைக்குள் விடமாட்டேன். நரிக்கும் நாய்க்கும் ஏற்படும் காயங்களைப் பற்றி இங்குள்ள வயதான பண்ணைக்காரர்கள் சொன்னவற்றைக் கேட்ட பிறகு, அதை விளையாட்டு என்று என்னால் ஏற்க முடியவில்லை. அதே சமயம், ஆட்டுக்குட்டியைப் பறிகொடுத்த காலத்து மனிதர்களைக் கொடியவர்கள் என்றும் சொல்லமாட்டேன். அவர்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை.

அப்படியானால் இன்று இதற்கு என்ன வேலை கொடுப்பது?

எலி பிடிப்பது. வேட்டைச் சட்டத்திலும் எலிக்கு விலக்கு இருக்கிறது. பக்கத்துப் பண்ணையில் கோழிக்கூண்டின் தரைப்பலகையைப் பெயர்த்த நாளில் எங்களையும் அழைத்தார்கள். பலகைக்கு இரண்டடி தள்ளிப் பட்டி நின்றாள். குரைக்கவில்லை. உடம்பு முழுக்க மெல்லிய நடுக்கம், ஒரு முன்னங்கால் மட்டும் தூக்கியபடி. பலகை நகர்ந்ததும் எலிகள் நாலாபுறமும் சிதறின. கவ்வினாள், ஒரே உதறல், கீழே போட்டாள், அடுத்ததற்குத் திரும்பிவிட்டாள். எந்த எலியையும் அவள் வாயில் வைத்துக்கொண்டு நிற்கவில்லை. விஷம் தின்ற எலி நாட்கணக்கில் தவிப்பதை நினைத்தால் இது நொடியில் முடிகிறது.

எலியோடு பழகும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். எலி விஷம் வைத்த இடத்துக்கு அழைத்துப் போகவே கூடாது. விஷம் தின்ற எலியைத் தின்றால் நாய்க்கும் ஆபத்து.

எலி பிடிக்க வழியில்லாத நகரவாசிகள் மோப்ப விளையாட்டைக் கற்றுக்கொடுக்கலாம். கிராம்பு மணம் ஏற்றிய பஞ்சை வீட்டில் எங்காவது ஒளித்துவைத்துத் தேடவிட வேண்டும். சிறிது நேரம் தேடினாலே நாய் நன்றாகக் களைத்துப்போகும். அமெரிக்காவில் 1994 முதல் எர்த்டாக் என்ற தேர்வுகளை அமெரிக்கன் கென்னல் கிளப் நடத்துகிறது. ஒன்பது அங்குல அகலமும் உயரமும் உள்ள மரச் சுரங்கத்தை மண்ணில் புதைத்து, கோடியில் கூண்டுக்குள் எலியைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். நாய் உள்ளே போய்க் கூண்டருகே குரல் கொடுக்க வேண்டும். எலிக்குக் கீறல்கூட விழாது. இங்கிலாந்திலும் இது பரவலானால் நன்றாக இருக்கும்.

கூப்பிட்டால் வருமா?

கண்ணெதிரே ஒன்றும் ஓடாதபோது வரும். முயல் ஓடினால் வராது. இதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

பட்டிக்கு இரண்டு வயது இருக்கும்போது, ஆற்றங்கரை மணல்மேட்டில் கயிறில்லாமல் விட்டிருந்தேன். முயல் வளைகள் நிறைந்த மேடு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றுவரை கூப்பிட்டதும் வந்துகொண்டிருந்தாள் என்பதால் துணிந்துவிட்டேன். ஒரு நொடி வால் தெரிந்தது, அடுத்த நொடி அதுவும் இல்லை. அரை மணி நேரம் கத்தினேன். பிறகுதான், கத்துவதை நிறுத்திவிட்டுக் குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தேன். என் மார்புக்கு நேர்கீழே, கம்பளிக்குள் இருமுவதைப் போல அவள் குரல் கேட்டது. மூன்று மணி நேரம் கழித்துப் பின்புறமாக நகர்ந்து வெளியே வந்தாள். கண்ணிலும் காதிலும் மணல். என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டிவிட்டு மறுபடியும் உள்ளே திரும்பப் பார்த்தாள். வாலைப் பிடித்து நிறுத்தினேன்.

அன்று கற்றவை இவை. நாய் உள்ளே போய்விட்டால் கூச்சல் போடாதீர்கள். நீங்கள் கத்துவது அதற்கு ஊக்கமாகவே படும். எந்த வாய் வழியாக இறங்கியதோ அங்கேயே அமைதியாகக் காத்திருங்கள். பெரும்பாலான நாய்கள் தாமாகவே வரும். நீங்களே மண்வெட்டி எடுத்தால் மேல்மண் சரிந்து வழி அடைபடும். அது பாட்ஜர் வளையாக இருந்தால் அனுமதி இல்லாமல் தோண்டுவதே சட்டவிரோதம். குரல் நின்றுபோனாலோ இருட்டிவிட்டாலோ விலங்கு மீட்புப் பிரிவைக் கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் தவிர்க்க, பத்து மீட்டர் நீளக் கயிறு போதும். கழுத்துப் பட்டையில் கட்டாமல் மார்புப் பட்டையில் கட்டுங்கள். வேலி போட்ட திடலில் மட்டும் அவிழ்த்துவிடுங்கள். குட்டிப் பருவத்திலிருந்தே சீழ்க்கை ஒலிக்கு வேகவைத்த கோழித்துண்டு என்று பழக்கினால், பத்துக்கு எட்டு முறை வரும். மீதி இரண்டு முறைக்குத்தான் கயிறு.

தோட்டத்தைத் தோண்டிவிடுமா?

தோண்டும். ஒரு மூலையை அதற்கென்றே ஒதுக்கி, மணல் கொட்டி, எலும்பைப் புதைத்துவையுங்கள். மற்ற இடங்கள் ஓரளவு தப்பும். வேலியின் அடியில் கம்பிவலையை ஓர் அடி ஆழத்துக்குப் புதைப்பது அவசியம். தலை நுழைந்தால் உடல் நுழைந்துவிடும். உடலை அப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள்.

சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றதா?

டெரியர்களில் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்லத் தயங்குவேன். வேட்டைக் கூட்டத்தோடு ஓடிய நாய் என்பதால் சண்டைக்காரக் குணம் உள்ளவற்றை அன்றே கழித்துவிட்டார்கள். மடியில் ஏறிச் சுருண்டு படுக்கும். வீட்டுக்கு வருகிறவர்களை வரவேற்கும். அந்நியரைப் பார்த்துக் குரைக்கும், அதோடு சரி. காவல் நாயாக நினைத்து வாங்க வேண்டாம்.

ஆனால் இது பொம்மை அல்ல. தவழும் குழந்தையோடு தனியே விடக் கூடாது என்பது எந்த நாய்க்கும் பொருந்தும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுங்கள். எங்கள் மகள் ஆறு வயதில் பள்ளியில் படிக்கச் சொன்ன பாடங்களையெல்லாம் பட்டிக்குத்தான் வாசித்துக் காட்டுவாள். பட்டியும் முழுப் பக்கம் முடியும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பூனை, முயல், கோழி?

குட்டியிலிருந்து சேர்ந்து வளர்ந்த வீட்டுப் பூனையோடு பழகிவிடும். பக்கத்து வீட்டுப் பூனை வேறு கதை. கூண்டில் முயல், கினிப் பன்றி, வெள்ளெலி வளர்க்கும் வீட்டில் இந்த நாய் வேண்டாம்.

முடி கொட்டுமா? எப்படிப் பராமரிப்பது?

குறைவாகவே கொட்டும். ஆனால் தானாகக் கொட்டாத முடியை நாம்தான் எடுக்க வேண்டும்.

வெளியே முரட்டு முடி, உள்ளே நெருக்கமான மென்மயிர் என இரட்டை அடுக்கு. மழையில் நனைந்து வந்து உடம்பை உதறினால் தோல் ஈரமாகியிருக்காது. வளைக்குள் இருக்கும் ஈர மண்ணும் ஒட்டாது, காய்ந்ததும் உதிர்ந்துவிடும். ஆறு மாதத்தில் வெளி முடி முதிர்ந்து, வேரில் தளர்ந்து, நாய் தென்னைநார் உருண்டை போல ஆகிவிடும். அப்போது அதைக் கையால் உருவ வேண்டும். கீரை ஆய்வதைப் போலத்தான். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மறு கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நாலைந்து முடியைப் பற்றி, வளரும் திசையிலேயே இழுத்தால் சுலபமாக வந்துவிடும். முதிர்ந்த முடிக்கு வலி இருக்காது. பட்டி பாதியில் தூங்கிவிடுவாள். விரல் வழுக்கினால் ரப்பர் விரலுறை போட்டுக்கொள்ளலாம். முழு உடம்புக்கும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். நான் மூன்று மாலைகளாகப் பிரித்துக்கொள்வேன்.

முடி வெட்டும் இயந்திரத்தை வைக்கவே வைக்காதீர்கள். முதல் ஆண்டில் விவரம் தெரியாமல் ஒரு முடிதிருத்தகத்தில் விட்டுவிட்டுப் போனேன். 'டெரியர்களுக்கு இப்படித்தான்' என்று மழித்துக் கொடுத்துவிட்டார்கள். கருப்பட்டி நிறம் போய்ச் சாம்பல் பூத்துவிட்டது, முடி பஞ்சாகிவிட்டது, தூறலிலேயே தோல்வரை நனைந்து நடுங்கினாள். முதிர்ந்த முடியின் வேர் உள்ளேயே தங்கிவிடுவதால் புது முரட்டு முடி சரியாக வருவதில்லை. பழைய நிலைக்குத் திரும்ப ஒன்றரை ஆண்டு பிடித்தது. 'கையால் உருவுவீர்களா' என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் நாயை ஒப்படையுங்கள்.

என்னென்ன நோய்கள் வரும்?

பொதுவாகத் திடமான இனம். 12 முதல் 15 ஆண்டுகள் வாழும். ஆனால் இதற்கே உரிய ஒரு கோளாறைப் பற்றி ஒவ்வொரு பார்டர் வளர்ப்பவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பட்டிக்கு மூன்றரை வயது. ஒரு காலை, சமையலறையில் நடந்துவந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். பின்னங்கால் ஒன்று மெல்ல மேலே எழுந்து அப்படியே விறைத்தது. முதுகு வளைந்தது. வயிற்றுக்குள் ஏதோ கடமுடவென்று உருண்டது. கீழே சாய்ந்தாள். வலிப்பு என்று நினைத்து ஓடினேன். ஆனால் அவள் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பெயரைச் சொன்னதும் வால் நுனி அசைந்தது. பத்து நிமிடத்தில் எழுந்து, எதுவும் நடக்காததுபோல் தட்டை நக்கப் போனாள்.

வலிப்பில் பெரும்பாலும் நினைவு தப்பும். இதில் தப்பாது. அந்த வேறுபாடுதான் முக்கியமான துப்பு. முன்பு இதை வலிப்பு போன்ற தசைப்பிடிப்பு என்றும், ஸ்பைக் நோய் என்றும் சொன்னார்கள். குளூட்டன் ஒவ்வாமையோடு தொடர்புடையது என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. கோதுமை, பார்லி, ரை என்ற தானியம் ஆகியவற்றில் உள்ள புரதம்தான் குளூட்டன். அதை உணவிலிருந்து முற்றிலும் நீக்கினால் பல நாய்களுக்குத் தாக்குதல் நின்றுவிடுகிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. முதல் முறை வரும்போதே செல்பேசியில் படம் பிடித்துவையுங்கள். மருத்துவரிடம் போகும்போது நாய் நன்றாக இருக்கும், படம்தான் பேசும். இரத்தப் பரிசோதனையும் உண்டு.

முற்றிலும் என்றால் முற்றிலும்தான். உணவை மாற்றி நான்கு மாதம் ஒன்றும் வரவில்லை. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். 'ஏட்டி, வா இங்கே' என்று மேசைக்கடியில் தினமும் ஒரு சப்பாத்தித் துண்டு போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது வாரம் மறுபடி கால் விறைத்தது. அதை நேரில் பார்த்த அம்மா அன்றிலிருந்து அவளுக்கென்று தனியாக உப்பில்லாத சோறு வடித்தார். நம் சமையலறையில் அரிசி இருப்பது இந்த நாய்களுக்குப் பெரிய வசதி. ரவை, சேமியா, பிஸ்கட், ரொட்டி ஆகியவற்றைத் தொடவிடாதீர்கள். கடைப் பெருங்காயத்தூளில் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும், அட்டையைப் படியுங்கள்.

குட்டிகளுக்கு வரும் இன்னொரு மரபுக் கோளாறு உண்டு. நடக்கத் தொடங்கும் சில வாரங்களில் பின்னுடல் ஆட்டம் காணும். தாயும் தகப்பனும் இருவருமே அந்த மரபணுவைச் சுமந்தால்தான் குட்டிக்கு வரும். அதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. வயதான பார்டர்களுக்குப் பித்தப்பையில் பித்தநீர் கூழாகக் கெட்டிப்படும் சிக்கலும் பிற இனங்களைவிட அதிகம் வருகிறது. வாந்தி, பசியின்மை, கண் வெள்ளையில் மஞ்சள் தெரிந்தால் காத்திருக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட, இந்த நாய் வலியைச் சொல்லாது என்பதை நினைவில் வையுங்கள். பட்டியின் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்திருந்ததை ஆண்டுப் பரிசோதனையில் மருத்துவர்தான் கண்டார். எத்தனை வாரம் அப்படி இருந்தாளோ, மறுபக்கத்தால் மென்று தின்று, ஒரு வேளைகூடச் சாப்பாட்டை ஒதுக்கவில்லை. அதன் பிறகு ஞாயிறுதோறும் வாயைத் திறந்து, காதை மடித்து, விரலிடுக்கெல்லாம் தடவிப் பார்க்கிறேன்.

வேறென்ன கொடுக்கக் கூடாது?

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட். பாயசத்தில் மிதக்கும் திராட்சைக்கும் இது பொருந்தும். சாம்பார்ச் சாதம் வெங்காயத்தோடு போவதால் அதுவும் வேண்டாம்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். தனியாக இருக்குமா?

மூன்று, நான்கு மணி நேரம் இருக்கும். நாள் முழுதும் பூட்டிவைத்தால் கதவின் அடிப்பாகத்தைத் தோண்டத் தொடங்கும். மதியம் அழைத்துப்போக ஆள் கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள்.

சென்னையில் வளர்க்கலாமா?

வேண்டாம் என்பதுதான் என் உறுதியான பதில். சீவியட் மழைக்கும் பனிக்கும் அமைந்த இரட்டை முடி அது. ஆண்டு முழுதும் குளிர்சாதன அறையில் அடைத்துவைப்பது அதற்கு வாழ்க்கையாகாது. அந்த வெயிலுக்குப் பிறந்த ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் அங்கேயே இருக்கின்றன.

குட்டியை எங்கே வாங்குவது?

இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளைக் கடைகளோ இடைத்தரகர்களோ விற்கக் கூடாது. வளர்த்தவரிடம் நேரே போய், தாயோடு குட்டி இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். மைக்ரோசிப் பதித்திருக்க வேண்டும். பெற்றோரின் மரபணுப் பரிசோதனைத் தாளைக் கேளுங்கள். அந்த வம்சத்தில் எந்த நாய்க்காவது தசைப்பிடிப்பு வந்திருக்கிறதா என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள். உங்களிடம் எதிர்க்கேள்வி கேட்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது. கைவிடப்பட்ட பார்டர்களுக்கு வீடு தேடும் அமைப்புகளும் உண்டு. ஐந்து, ஆறு வயது நாய் ஒன்றை எடுத்துக்கொள்ள முடிந்தால், குட்டியைவிட அதையே நான் பரிந்துரைப்பேன்.

வயதானால் அடங்கிவிடுமா?

பட்டிக்கு இப்போது 11 வயது. மீசை நரைத்துவிட்டது. காரில் தானாக ஏற முடியாததால் சாய்பலகை வைத்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை, ஆண்டுக்கு ஒரு முறை பித்தப்பைக்கு ஸ்கேன். நடை அரை மணி நேரமாகக் குறைந்துவிட்டது, ஆனால் ஒவ்வொரு முயல் வளைக்கும் நின்று, மூக்கை உள்ளே விட்டு, நெடுநேரம் இழுத்து முகர்ந்த பிறகுதான் அடுத்த அடி.

காது மந்தமாகிவிட்டது. சீழ்க்கை இப்போது அவளுக்குக் கேட்பதில்லை. அவள் முதுகைக் காட்டி நிற்கும்போது, தரையை இரண்டு முறை காலால் ஓங்கி மிதிக்கிறேன். மூக்கை வளையிலிருந்து எடுத்துத் திரும்பிப் பார்க்கிறாள்.